டி.வி.யின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலம் நெருங்கினால் தங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான முழுப்பக்க விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. திரை எத்தனை அங்குலம், மாதத் தவணை எவ்வளவு, பழைய பெட்டியைக் கொடுத்தால் எவ்வளவு கழிவு என்பதெல்லாம் கொட்டை எழுத்தில் அச்சாகின்றன. ஆனால் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் எந்தெந்த சாக்கெட்டுகள் இருக்கின்றன, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டி.வி.டி. பிளேயரையோ ஆம்ப்ளிஃபையரையோ அதில் மாட்ட முடியுமா என்ற விவரம் எந்த விளம்பரத்திலும் இருப்பதில்லை. பெட்டி வந்து இறங்கும் அட்டைப்பெட்டியின் மேலும் பெரும்பாலும் அது தெளிவாக அச்சிடப்படுவதில்லை. அச்சிட்டிருந்தாலும் தமிழில் இருப்பதில்லை. இந்தக் குறையைப் போக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களையும் விற்பனையாளர்களையும் அரசையும் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் பல ஆண்டுகள் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடை நடத்தியவன் நான். கடையை மூடிய பிறகும், தெரிந்தவர்கள் பிளேயரைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருகிறார்கள். "பிளேயர் ரிப்பேர், பாருங்கள்" என்பார்கள். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் பிளேயரில் ஒரு குறையும் இருக்காது. புதிய டி.வி.யில் அதற்குரிய வயர் சேராததால் படம் வரவில்லை, அவ்வளவுதான். ஓடக்கூடிய நல்ல பொருளைக் கெட்டுப்போனதாக நினைத்து எடைக்குப் போடும் நிலைக்கு மக்கள் தள்ளப்படுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது நம் வீடுகளுக்கு வந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் ஆண்டெனா வயருக்கான இடம் ஒன்றுதான் இருந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்து, ஊரெங்கும் டி.வி.யும் டெக்கும் (வீடியோ கேசட் ஓட்டும் வி.சி.ஆர். கருவி) வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலத்திலும், டெக்கிலிருந்து வரும் வயரை அந்த ஆண்டெனா துளையில்தான் செருகினோம். டெக் ஒரு சின்ன ஒளிபரப்பு நிலையத்தைப் போல ஒரு சேனலில் படத்தை அனுப்பும், டி.வி.யின் டியூனரைத் திருகித் திருகி அந்தச் சேனலைப் பிடிக்க வேண்டும். பிறகு ஏ.வி. சாக்கெட்டுகள் பரவலாயின. மஞ்சள் நிறம் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு என்ற ஏற்பாடு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருந்தது. எழுத்தறியாதவர்கள்கூட நிறத்துக்கு நிறம் பார்த்து மாட்டிவிட முடிந்தது. 2006 முதல் தமிழக அரசு வீடு வீடாக வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிகளோடு எத்தனையோ குடும்பங்கள் டி.வி.டி. பிளேயர் வாங்கி, இந்த மூன்று பின் வயரைத் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

எச்.டி.எம்.ஐ. என்ற ஒற்றை வயர் முறையின் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளியானது. படம், ஒலி இரண்டையும் டிஜிட்டலாக ஒரே வயரில் கொண்டுபோகும் அந்த முறை மிகச் சிறந்தது என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. டி.வி. தட்டையாகி, மெலிந்து, சுவரோடு ஒட்டத் தொடங்கியதும் மூன்று வட்டச் சாக்கெட்டுகளுக்கு இடமில்லாமல் போனதையும் புரிந்துகொள்கிறேன். ஆனால் பழைய சாக்கெட்டுகள் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே நாளில் போய்விடவில்லை. சில மாடல்களில் மூன்றும் அப்படியே இருக்கின்றன. சிலவற்றில் மஞ்சளும், வேறொரு பட இணைப்பு முறைக்கான பச்சையும் ஒரே துளையாகிவிட்டன. சிலவற்றில் மூன்றுக்கும் சேர்த்து ஹெட்போன் துளையைப் போன்ற ஒரு சிறு துளை மட்டும் இருக்கிறது. வேறு சிலவற்றில் எதுவுமே இல்லை. ஒரே நிறுவனத்தின் 32 அங்குலப் பெட்டிக்கும் 43 அங்குலப் பெட்டிக்கும் இடையே இந்த வேறுபாடு இருக்கிறது. ஆகவே வாங்குபவர் ஊகித்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இவற்றில் மக்களை அதிகம் ஏமாற்றுவது அந்தச் சிறு துளைதான். 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள அதில் செருகுவதற்காகவே ஒரு சாண் நீளமுள்ள ஒரு குட்டை வயர் இருக்கிறது. ஒரு முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் கொண்ட பின், மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறங்களில் மூன்று பெண் சாக்கெட்டுகள். சில நிறுவனங்கள் அதை டி.வி.யோடு சேர்த்தே கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. கொடுத்தாலும், பெட்டியைச் சுவரில் மாட்ட வரும் ஊழியர் அது எதற்கென்று சொல்லாமல் தெர்மாகோலோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு பிளேயரை மாட்ட வேண்டும் என்று கடைக்குப் போனால், கேமராவுக்கென்று விற்கும் அதே தோற்றமுள்ள வயரை எடுத்துக் கொடுக்கிறார்கள். பின்னில் உள்ள நான்கு உலோகப் பகுதிகளில் எது படத்துக்கு, எது தரை இணைப்புக்கு என்பதை எல்லா நிறுவனங்களும் ஒரே வரிசையில் வைப்பதில்லை. ஆகையால் வயர் அழகாகப் பொருந்தும். ஆனால் திரை கறுப்பாக இருக்கும், ஸ்பீக்கரில் கர்ரென்று இரைச்சல் கேட்கும். அப்படிப்பட்ட வயர் ஏற்கெனவே கையில் இருந்தால், பிளேயரிலிருந்து வரும் மஞ்சள் பின்னைச் சிவப்புச் சாக்கெட்டில் செருகிப் பார்க்கலாம். தரை இணைப்பு மட்டும் சரியான இடத்தில் அமைந்திருந்தால், பல நேரங்களில் படம் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால், அந்த மாடலுக்கென்று நிறுவனம் தரும் வயரைத்தான் தேட வேண்டும்.

இதே அளவில் ஹெட்போன் துளையும் பக்கத்திலேயே இருப்பது இன்னொரு குழப்பம். ஒன்று உள்ளே வாங்குவது, மற்றொன்று வெளியே கொடுப்பது. இரண்டின் பெயரும் கறுப்பு பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே பொறிக்கப்பட்டிருக்கின்றன. சுவரோடு ஒட்டிய பெட்டியின் பின்னால் கைபேசி வெளிச்சத்தை அடித்து, தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. வயதானவர்கள் இதைப் படிப்பார்கள் என்று இதை வடிவமைத்தவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பச்சைத் துளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சை, நீலம், சிவப்பு என்ற மூன்றும் சேர்ந்து படத்தை மட்டும் கொண்டுபோகும் காம்போனென்ட் முறை ஒன்று உண்டு; அதற்கு ஒலிக்கெனத் தனியே வெள்ளையும் சிவப்பும் வேண்டும். இதனால் டி.வி.யின் பின்னால் இரண்டு சிவப்புத் துளைகள் இருக்கும். ஒன்று படத்துக்கு, ஒன்று ஒலிக்கு. மாற்றிச் செருகினால் வலப்பக்க ஒலியும் வராது, நிறமும் கெடும். மஞ்சளும் பச்சையும் ஒரே துளையாக இருக்கும் பெட்டிகளில் மஞ்சள் பின்னைப் பச்சைத் துளையில்தான் செருக வேண்டும். செருகியபின் ரிமோட்டில் உள்ளீட்டுப் பட்டியலைத் திறந்து காம்போனென்ட் என்பதை விட்டு ஏ.வி. என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் படம் கறுப்பு வெள்ளையில் தெரியும். "வாங்கிய அன்றே கலர் போய்விட்டது" என்று பதறுபவர்களின் வீட்டில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். பிளேயரின் ரிமோட்டில் உள்ள பி-ஸ்கேன் பொத்தானைக் குழந்தைகள் அழுத்திவிட்டாலும், மஞ்சள் வயரில் வரும் படம் சில பிளேயர்களில் நின்றுவிடும். மறுபடி அதையே அழுத்தினால் திரும்பிவிடும்.

அடுத்து நான் சொல்லப்போவது நேரடியான ஏமாற்று. ஒருபுறம் எச்.டி.எம்.ஐ. பின்னும் மறுபுறம் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின்களும் கொண்ட வெறும் வயர் ஒன்று சில கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் விற்கப்படுகிறது. அதன் நடுவே எந்தப் பெட்டியும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. எச்.டி.எம்.ஐ.யில் செல்வது டிஜிட்டல் சமிக்ஞை. மஞ்சள் பின்னில் செல்வது அனலாக் சமிக்ஞை. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு ஒரு மின்னணுச் சுற்றும் அதை இயக்க மின்சாரமும் வேண்டும். வெறும் செம்புக் கம்பியால் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது. வீட்டுப் பிளேயர், டி.வி. எதிலும் இது வேலை செய்யாது என்பது தெரிந்தோ தெரியாமலோ விற்கிறார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டால் "உங்கள் டி.வி.க்குச் சேரவில்லை" என்று பதில் வருகிறது. ஓர் அம்மையார் தம் தந்தையின் மணிவிழா டி.வி.டி.யைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக இப்படிப்பட்ட வயரை அடுத்தடுத்து வெவ்வேறு கடைகளில் வாங்கி, பிறகு பிளேயரையே மாற்றிவிட்டு, அதன் பின்னர்தான் என்னிடம் வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சின்ன மாற்றிப் பெட்டி மட்டுமே.

அந்த மாற்றிப் பெட்டி தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதிலும் இரண்டு வகை உண்டு. பழைய பிளேயரைப் புதிய டி.வி.யில் மாட்ட, ஏ.வி.யை வாங்கி எச்.டி.எம்.ஐ.யாகக் கொடுக்கும் வகை வேண்டும். புதிய செட்டாப் பாக்ஸையோ இணையப் படங்களைக் காட்டும் ஸ்டிக்கையோ பழைய டி.வி.யில் மாட்ட, எச்.டி.எம்.ஐ.யை வாங்கி ஏ.வி.யாகக் கொடுக்கும் வகை வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றே போல இருக்கும். ஒரே துளைகள்தான் இருக்கும். ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. திருப்பிப் போட்டாலும் செய்யாது. மூடியின் மேல் சிறு எழுத்தில் உள்ள பெயரில் எது முன்னால் வருகிறதோ அது உள்ளே போவது, எது பின்னால் வருகிறதோ அது வெளியே வருவது. இதைக் கடைக்காரர் ஒரு வாக்கியத்தில் கேட்டுக் கொடுத்தால் போதும்: "உங்கள் டி.வி. பழையதா, பிளேயர் பழையதா?" இந்தக் கேள்வியைக் கேட்கும் கடைகள் மிகக் குறைவு. இரண்டு வகைக்கும் யு.எஸ்.பி. வழியாக 5 வோல்ட் மின்சாரம் தர வேண்டும் என்பதையும், டி.வி.யின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம், அது போதாவிட்டால் கைபேசி சார்ஜரைப் பயன்படுத்தலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், "மாட்டினேன், வரவில்லை" என்று திரும்பி வருபவர்கள் பெருமளவு குறைவார்கள்.

பழைய படக்குழாய் டி.வி. வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கும் ஓரிரண்டு குறிப்புகள். ஏ.வி.யாகக் கொடுக்கும் மாற்றிப் பெட்டியின் பக்கவாட்டில் பால் (PAL), என்.டி.எஸ்.சி. (NTSC) என்ற இரண்டு வண்ணப்பட முறைகளுக்கும் இடையே மாற்ற ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். நம் நாட்டுப் பெட்டிகளுக்கு அது பால் பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் உருளும் அல்லது நிறமில்லாமல் வரும். மஞ்சளும் வெள்ளையும் மட்டுமே உள்ள மோனோ டி.வி.யில் சிவப்புப் பின்னைத் தொங்கவிட்டால் வலப்பக்கத்து ஒலி காணாமல் போகும். பல பாடல்களில் குரல் இரு பக்கமும் இருப்பதால் இது உடனே தெரியாது. வாத்தியம் ஒன்று குறைகிறதே என்று பிறகுதான் தோன்றும். பிளேயரின் ஒலி அமைப்பில் மோனோ அல்லது இரண்டையும் கலந்து தரும் அமைப்பு இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். 14 அங்குலத் திரையில் இணையச் செயலிகளின் எழுத்து மிகப் பொடியாகத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொண்டு வாங்குவது நல்லது.

அதற்கும் முந்தைய பெட்டிகளை, அதாவது ஏ.வி. சாக்கெட்டே இல்லாதவற்றை, பொழுதுபோக்குக்காகச் சேகரிக்கும் இளைஞர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். அத்தகைய பெட்டிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் சேஸிஸ் எனப்படும் உலோகச் சட்டம் 230 வோல்ட் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். அதில் துளையிட்டு ஏ.வி. சாக்கெட் பொருத்தினால், அந்தச் சாக்கெட்டின் உலோகமும், அதில் மாட்டிய பிளேயரின் உடம்பும் உயிர் பறிக்கும் மின்சாரத்தைத் தாங்கி நிற்கும். பெட்டியை வீட்டு மின்லைனிலிருந்து பிரித்துவைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. அந்தப் பெட்டிகளுக்கு ஆண்டெனா துளை வழியாக, பழைய டெக்கைப் போலப் படத்தை ஒரு சேனலாக மாற்றி அனுப்பும் ஆர்.எஃப். மாடுலேட்டர் கொண்டு படம் தருவதுதான் பாதுகாப்பான வழி.

ஒலியின் கதை இன்னும் வருத்தமானது. இன்றைய மெலிந்த டி.வி.க்களில் ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. அது பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்தபடி இருக்கும். வசனம் தெளிவாகக் கேட்கவில்லை என்று முதியவர்கள் சொல்வது அவர்கள் காதின் குறையால் மட்டும் அல்ல. இதற்கிடையே பல வீடுகளின் பரணில் நல்ல ஆம்ப்ளிஃபையரும் மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் தூங்குகின்றன. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி வந்து நம் ஊர் மெக்கானிக்குகள் கையால் சேர்த்துக் கொடுத்த, ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஆம்ப்ளிஃபையர்கள் எத்தனையோ கூடங்களில் இன்றும் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் கனமாக, ஹீட் சிங்க் அகலமாக, சரியாகக் கட்டப்பட்ட அந்தப் பெட்டிகளின் ஒலிக்கு முன்னால் இன்று மலிவு விலையில் விற்கும் பல சவுண்ட் பார்கள் (டி.வி.க்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர் பெட்டிகள்) நிற்க முடியாது. அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கும்படி கடையில் சொல்வது அநியாயம்.

புதிய டி.வி.யிலிருந்து ஒலி வெளியே வரப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. ஹெட்போன் துளை இருந்தால் வேலை எளிது. அதிலிருந்து வெள்ளை, சிவப்புப் பின்களாகப் பிரியும் ஒரு வயரை ஆம்ப்ளிஃபையரில் ஆக்ஸ் (AUX) என்று எழுதிய துளையில் மாட்டினால் போதும். இரண்டாவது, ஆப்டிக்கல் எனப்படும் ஒளி இழை வழி. சிறிய சதுரத் துளையின் கதவைத் திறந்தால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். பழைய ஆம்ப்ளிஃபையரில் இந்தத் துளை இல்லாததால், இடையில் டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் டி.ஏ.சி. என்ற சிறு மாற்றி வேண்டும். அதை வாங்கி மாட்டிய பிறகும் ஒலி வரவில்லை என்று பலர் சலித்துப் போகிறார்கள். காரணம் டி.வி.யின் அமைப்புக்குள் இருக்கிறது. டிஜிட்டல் ஒலி வெளியீடு என்ற இடத்தில் ஆட்டோ அல்லது டால்பி (பல ஸ்பீக்கர்களின் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) என்றிருந்தால், அந்தச் சாதாரண மாற்றிக்கு அது புரியாது. மௌனமாக இருக்கும் அல்லது இரையும். அதை பி.சி.எம். (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றினால் அடுத்த நொடியே ஒலி வந்துவிடும். 5.1 ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் ஆறு ஸ்பீக்கரிலும் தனித்தனி ஒலி வேண்டுமென்றால், டால்பியைப் பிரித்து ஆறு பின்களாகத் தரும் டிகோடர் பலகையைப் பொருத்திக்கொள்ள வேண்டும். அப்போது மட்டும் டால்பி என்ற அமைப்பை வைக்கலாம்.

மூன்றாவது வழி ஏ.ஆர்.சி. 2009-இல் எச்.டி.எம்.ஐ.யின் 1.4 வரையறையோடு வந்த இந்த ஏற்பாட்டால், டி.வி.யின் ஒலி அதே எச்.டி.எம்.ஐ. வயரில் திரும்பி ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். ஆனால் டி.வி.யில் உள்ள எச்.டி.எம்.ஐ. துளைகள் எல்லாவற்றிலும் இது இருக்காது, ஏ.ஆர்.சி. என்று எழுதிய ஒரு துளையில் மட்டுமே இருக்கும். எதிர்முனையில் உள்ள சவுண்ட் பாரோ ஆம்ப்ளிஃபையரோ அதை ஏற்கக்கூடியதாக இருக்க வேண்டும். இது தெரியாமல் வேறு துளையில் மாட்டிவிட்டு, வாங்கிய சவுண்ட் பார் பழுது என்று திருப்பி அனுப்பியவர்களை அறிவேன்.

டி.வி.யிலிருந்து வரும் ஒலியைப் பழைய ஆம்ப்ளிஃபையரில் எங்கே மாட்டக் கூடாது என்பதும் முக்கியம். போனோ என்று எழுதிய துளை இசைத்தட்டுக் கருவிக்கு மட்டுமே உரியது. அது சில மில்லிவோல்ட் அளவுள்ள மெல்லிய சமிக்ஞைக்காக ஏற்பட்டது. அதில் டி.வி.யை மாட்டினால் ஒலி உடைந்து கரகரக்கும். ஐந்து ஓட்டை கொண்ட பழைய டின் (DIN) வகை வட்டச் சாக்கெட் மட்டும் உள்ள ஆம்ப்ளிஃபையர்களை, டின் பின்னிலிருந்து ஆர்.சி.ஏ. எனப்படும் வெள்ளை, சிவப்புப் பின்களாகப் பிரியும் வயரால் இன்றும் பயன்படுத்தலாம். ஸ்பீக்கருக்குப் போகும் கம்பிகளை எந்தக் காரணத்தைக் கொண்டும் டி.வி.யின் ஏ.வி. துளையில் இணைக்கக் கூடாது; டி.வி.யின் உட்சுற்று கருகிவிடும்.

எல்லாம் சரியாக மாட்டியும் விடாமல் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கேட்டால், முதலில் கேபிள் டி.வி.யின் வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது தரை இணைப்பு இரண்டு வழியாகப் போவதால் வருவது. ஆம்ப்ளிஃபையர் வீட்டு எர்த்தோடும், கேபிள் வயர் தெருவில் வேறோர் எர்த்தோடும் சேர்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டமே ஸ்பீக்கரில் கேட்கிறது. இதற்கு ஆம்ப்ளிஃபையரின் மூன்று பின் பிளக்கில் உள்ள எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அது உயிருக்கு ஆபத்து. ஒலி வயரின் நடுவே பொருத்தும் சிறிய தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறது. அதை வாங்கிப் போடுவதே முறை.

படத்துக்கு முன்பே வசனம் கேட்பதும், வாயசைவுக்குப் பின்னால் குரல் வருவதும் வேறு வகை. டி.வி. படத்தைப் பதப்படுத்த எடுத்துக்கொள்ளும் நேரத்தால் முதலாவது நிகழ்கிறது, டி.வி.டி. பிளேயரின் ஒலியை நேராக ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால் இது தெரியும். டி.வி.யின் கேம் மோட் என்ற பட அமைப்பை வைத்தால் குறையும். புளூடூத் ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைத் தாமதம் வரும். பேசும் காட்சிகளை விரும்பிப் பார்ப்பவர்கள் வயரையே நம்பலாம்.

நான் பழைய சாக்கெட்டுகளை எல்லா டி.வி.யிலும் என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உலகின் கடைசி வி.சி.ஆர். தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. டெக்கில் பதிந்த திருமண கேசட்டுகளை வைத்திருப்பவர்கள், ஓடும் டெக் கிடைக்கும் காலத்திலேயே அவற்றைக் கணினிக்கு மாற்றிக்கொள்வது அவசியம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது விவரம் மட்டுமே. பெட்டியின் பின்பக்கத் துளைகளை வரைந்து, ஒவ்வொன்றின் பெயரையும் எண்ணிக்கையையும், அது உள்ளே வாங்குவதா வெளியே கொடுப்பதா என்பதையும் தமிழில் அட்டைப்பெட்டியின் வெளிப்புறத்தில் அச்சிட வேண்டும். குட்டை வயர் தேவைப்படும் மாடலாக இருந்தால் அதைப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வைக்கவில்லை என்று வெளியே எழுத வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை என்றே கருதுகிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தகவல் பெறும் உரிமையை நமக்கு வழங்கியிருக்கிறது. பொட்டலப் பொருட்களின் மேல் என்னென்ன அச்சிட வேண்டும் என்பதற்கு 2011-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. அவற்றில் தொலைக்காட்சிக்கென ஒரு வரியைச் சேர்த்தால் போதும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில், செயற்கைக்கோள் டியூனர் உள்ளமைந்த தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் யு.எஸ்.பி. டைப்-சி துளைகளுக்கும் இந்தியத் தரத்தை அறிவித்தது. ஒரே சார்ஜர் பல கருவிகளுக்கும் பொருந்த வேண்டும் என்று அக்கறைப்பட்ட அதே அமைவனம், 3.5 மில்லிமீட்டர் ஏ.வி. பின்னின் நான்கு பகுதிகளும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்று சொல்வது பெரிய காரியமாக இருக்காது. மின்னணுக் கழிவுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஓடிக்கொண்டிருக்கும் பிளேயரும் ஆம்ப்ளிஃபையரும் கழிவாக மாறாமல் தடுப்பதையும் அந்தப் பொறுப்பின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

வேலை செய்யாத வெறும் வயரை விற்பவர்கள் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். ரசீது இருந்தால் வாசகர்கள் தயங்காமல் செய்ய வேண்டும்; தொகை சிறியது என்று விட்டுவிடுவதால்தான் அந்த வயர் இன்னமும் கடைகளில் தொங்குகிறது.

டி.வி. விற்பனை நிலையங்களின் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியைப் பொருத்த அனுப்பும் ஊழியர்களிடம், சுவரில் துளை போடுவதற்கு முன் டி.வி.யை மேசையின் மேல் வைத்து, அந்த வீட்டில் இருக்கும் பிளேயரையும் ஆம்ப்ளிஃபையரையும் அதில் மாட்டி, படமும் ஒலியும் வருவதை வீட்டுக்காரருக்குக் காட்டிய பிறகே மேலே ஏற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். எந்த வயர் குறைகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பக்கவாட்டுத் துளைகளுக்குக் கை போகும் அளவுக்கு இடம் விட்டு, ஒரு எச்.டி.எம்.ஐ. நீட்டிப்பு வயரையும் ஏ.வி. குட்டை வயரையும் கீழே தொங்கும்படி முன்னதாகவே மாட்டிவைத்தால், பிறகு ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கழற்ற வேண்டியிராது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
ஓய்வுபெற்ற ரேடியோ, டி.வி. மெக்கானிக்,
கும்பகோணம்.